ஆடாதோடை இலையின் சாம்பல் ஏன் இவ்வளவு அதிகம்? தாதுக்களும் வாசிசினும் குறித்து ஓர் ஐயம்

தென்பொதிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தாவரவியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஓடைக்கரைகளிலும் தோப்பு வேலிகளிலும் தானாக வளர்ந்து நிற்கும் ஆடாதோடையின் இலையில் உள்ள தாதுக்களையும் அல்கலாய்டுகளையும் (நைட்ரஜன் சேர்ந்த, மருந்தாக வேலை செய்யும் பொருள்கள்) அளந்து பார்ப்பதே என் ஆய்வேடு. வேலையில் பாதியைக் கடந்துவிட்ட நிலையில் மூன்று இடங்களில் சிக்கி நிற்கிறேன். என் வழிகாட்டி இப்போது விடுப்பில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

முதலாவது சாம்பல், அதாவது இலையை எரித்தபின் மிஞ்சும் தாதுப்பகுதி. முற்றிய இலைகளைக் குழாய்நீரிலும் பிறகு காய்ச்சி வடித்த நீரிலும் நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலையில் எரித்தேன். மூன்று முறை செய்ததில் 17.6, 18.3, 18.1 சதவீதம் என்று சாம்பல் கிடைத்தது. ஒப்பீட்டுக்காக அதே உலையில் வைத்த வேப்பிலை 9 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஆய்வகத்தில் உடன் பயிலும் ஒருவர், இலையில் மண் ஒட்டியிருந்திருக்கும், மாதிரியே பழுது, மறுபடி சேகரித்து வா என்கிறார். கழுவியதில் குறை வைக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு மடங்கு சாம்பலை என்னால் விளக்க முடியவில்லை.

இரண்டாவது இரும்பு. ஜனவரியில் எடுத்த இலையை வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியபோது கிலோவுக்கு 290 மில்லிகிராம் என்று வந்தது. மார்ச்சில் அதே செடிகளிலிருந்து எடுத்து அனுப்பியதற்கு 1,120 என்று வந்திருக்கிறது. முதல் முறை பீங்கான் கல்வத்தில் இடித்தேன். இரண்டாம் முறை அளவு கூடுதலாக இருந்ததால் விடுதியில் இருந்த மிக்சியில் அரைத்தேன். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். பருவம் மாறியதால் இரும்பு இப்படி நான்கு மடங்கு கூடுமா?

மூன்றாவது வாசிசின், அதாவது இந்த இலையின் முதன்மை அல்கலாய்டு. புதிதாக உலர்த்திய பொடியில் 1.1 சதவீதம் இருந்த வாசிசின், அதே புட்டியில் ஆறு மாதம் கிடந்த பொடியில் 0.7 ஆகக் குறைந்திருக்கிறது. கருவியில் பிழையா, என் பிரித்தெடுப்பில் பிழையா, அல்லது இலையே மாறிவிட்டதா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இலைநரம்பு எழுதியது:

வணக்கம். மருந்துத் தாவரங்களை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பதை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டையும் வேதியியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மாதிரியைத் தூக்கி எறிய வேண்டாம். 18 சதவீதம் என்பது ஆடாதோடைக்கு இயல்பான எண்தான். இந்திய ஆயுர்வேத மருந்து நூல் இந்த இலைக்கு மொத்தச் சாம்பல் 21 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அவ்வளவு உயரத்தில் வரம்பை வைத்ததற்குக் காரணம், இந்தச் செடி தன் இலைக்குள்ளேயே சுண்ணாம்பைச் சேர்த்து வைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான். ஆடாதோடை, நிலவேம்பு, நீர்முள்ளி எல்லாம் அக்காந்தேசி குடும்பம். இவற்றுள் பெரும்பாலானவற்றின் இலைகளில் சில செல்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்து, உள்ளே கால்சியம் கார்பனேட்டு படிந்த ஒரு திரளைத் தாங்கி நிற்கும். அதற்குச் சிஸ்டோலித் என்று பெயர். ஆடாதோடையில் அது நீண்டு, இரு முனையும் மழுங்கிய சிறு கட்டையைப் போல, புறத்தோலை ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். இலையை வெயிலில் பிடித்துக் கைவில்லை வழியாகப் பார்த்தாலே, உலர்ந்த இலையின் மேற்பரப்பில் மெல்லிய கோடுகளாக அவை தெரிவதுண்டு. வேப்பிலையில் இந்த அமைப்பு இல்லாததால், உங்கள் ஒப்பீடு சரியான இணையோடு செய்யப்படவில்லை. நிலவேம்பையோ நீர்முள்ளியையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்வதை நம்பி எழுதிவிடாமல், மண்ணா சுண்ணாம்பா என்பதை நீங்களே நிறுவ வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள் போதும். கிடைத்த சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, சாம்பலில்லாத வடிதாளில் வடிகட்டி, வெந்நீரில் கழுவி, வடிதாளோடு மறுபடி எரித்து எடை பாருங்கள். அமிலத்தில் கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் மணலும் சிலிக்காவும்தான். மேலே சொன்ன நூல் அதற்கு வைத்திருக்கும் வரம்பு 1 சதவீதம். உங்கள் இலையில் மண் ஒட்டியிருந்தால் இந்த எண் உடனே எகிறும். மண் இல்லையென்றால், 18 சதவீதச் சாம்பலில் ஏறத்தாழ முழுவதும் அமிலத்தில் கரைந்து போய்விடும்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். சாம்பலில் அமிலம் ஊற்றியதும் பொங்கி நுரைப்பதைப் பார்த்து, அதுவே இலையில் கால்சியம் கார்பனேட்டு இருந்ததற்குச் சான்று என்று எழுதிவிடுகிறார்கள். அது சான்றாகாது. இலையில் கால்சியம் ஆக்சலேட்டாக இருந்தாலும், வேறு கரிம அமிலங்களின் உப்பாக இருந்தாலும், 450 டிகிரியில் எரித்த பிறகு அது கார்பனேட்டாகவே மிஞ்சும். ஆகவே எந்தச் செடியின் சாம்பலும் ஓரளவு நுரைக்கத்தான் செய்யும். எரிக்காத இலையில்தான் சோதிக்க வேண்டும். பச்சை இலையை மெல்லிய குறுக்குவெட்டாக எடுத்து, கண்ணாடி வில்லையில் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலத்தை விட்டு, நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். கார்பனேட்டாக இருந்தால் குமிழி கிளம்பிக்கொண்டே திரள் கரைந்து, அது படிந்திருந்த செல்லுலோஸ் எலும்புக்கூடு மட்டும் நிற்கும். ஆக்சலேட்டுப் படிகம் அசிட்டிக் அமிலத்துக்கு அசையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் குமிழியே இல்லாமல் கரையும். ஆடாதோடை இலையின் நடுத்திசுவில் சிறு ஆக்சலேட்டுப் படிகங்களும் உண்டு என்பதால், இரண்டையும் ஒரே வெட்டில் பிரித்துக் காட்டினால் உங்கள் ஆய்வேட்டில் அது நல்ல ஒரு பக்கமாக அமையும்.

இன்னொன்று. இந்தச் சிஸ்டோலித் அடையாளம் காண்பதற்கும் பயன்படும். சந்தையில் உலர்ந்த ஆடாதோடை இலையோடு பெருமரத்தின் இலையைக் கலந்து விற்பது பழைய வழக்கம். தீக்குச்சிக்கு வெட்டும் மரம்தான் அது; பீநாறி என்றும் சொல்வார்கள். நொறுங்கிய நிலையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பெருமரத்தில் சிஸ்டோலித் கிடையாது. ஆடாதோடையில் இலைத்துளையைக் குறுக்காக அணைத்து நிற்கும் இரண்டு துணைச்செல்களும் பெருமரத்தில் கிடையாது. நீங்கள் செடியிலிருந்தே பறித்ததால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கடையில் வாங்கிச் சோதிப்பவர்கள் சாம்பல் குறைந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குப்பியும்துலாவும் எழுதியது:

இலைநரம்பு ஐயா சாம்பலைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் மூலிகை மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் கூடத்தில் பணிபுரிகிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன்.

இரும்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பருவத்தால் நான்கு மடங்கு கூடவில்லை, மிக்சியால் கூடியிருக்கிறது. ஆடாதோடை இலை பொடியாகும்போது தோல்போல் வழவழத்து நிற்கும். நீண்ட நேரம் ஓட்டினால்தான் மசியும். அந்த நேரமெல்லாம் எஃகுத் தகடு தேய்ந்து பொடியில் சேர்கிறது. இதை உறுதி செய்ய எளிய வழி, அந்த இரண்டு அறிக்கைகளிலும் குரோமியத்தையும் நிக்கலையும் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகில் இவை இரண்டும் இரும்போடு சேர்ந்தே இருப்பதால், மார்ச் மாதிரியில் மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் குற்றவாளி தகடுதான். மாறாக இரும்போடு அலுமினியமும் டைட்டேனியமும் ஏறியிருந்தால் அது புழுதி. செடி தன் வேரால் டைட்டேனியத்தை மிக அற்பமாகவே எடுக்கும் என்பதால், இலைப்பொடியில் டைட்டேனியம் மிகுந்திருப்பது மண் ஒட்டியதற்கு நம்பகமான அடையாளம். குரோமியமும் நிக்கலும் அளக்கப்படவில்லை என்றால், மீதமுள்ள இலையைப் பீங்கானிலோ அகேட் கல்வத்திலோ இடித்து மறுபடி அனுப்புங்கள். 1,120 என்ற எண்ணைத் தயவுசெய்து ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள். இப்படி ஏறிய எண்கள்தான் பிறகு "ஆடாதோடையில் இரும்புச்சத்து மிகுதி" என்று இணையம் முழுவதும் சுற்றுகின்றன.

அந்தப் பேச்சு சரியா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஜனவரி எண்ணான 290ஐயே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உலர்ந்த இலையை அப்படியே விழுங்கினாலும் உடலுக்குள் போவது 1.45 மில்லிகிராம் இரும்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். இருபதில் ஒரு பங்கு மட்டுமே. அதுவும் இலையை விழுங்கினால்தான். கொதிக்க வைத்து வடிகட்டிக் குடித்தால் அதிலும் சிறு பகுதிதான் நீரில் இறங்கும். கால்சியத்துக்கும் இதே கதைதான். சிஸ்டோலித்தில் கிடக்கும் கார்பனேட்டு வெறும் நீரில் ஏறத்தாழ கரையாது. ஆக்சலேட்டும் கரையாது. இலையிலிருந்து தாராளமாக நீரில் இறங்குவதில் முதன்மையானது பொட்டாசியம், ஏனென்றால் அது செல்லில் எதோடும் கட்டுண்டு நிற்பதில்லை. ஆகவே இலையில் எவ்வளவு இருக்கிறது என்ற அட்டவணைக்குப் பக்கத்தில், அதே இலையைக் காய்ச்சி வடித்த நீரில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்தால், உங்கள் தாதுப்பகுதிக்கு உண்மையான பொருள் வரும்.

அளந்தே ஆக வேண்டிய தாதுக்கள் வேறு. ஈயம், கேட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகிய நான்குக்கும் நம் நாட்டில் மூலிகை மருந்துகளுக்கு வரம்பு உண்டு: கிலோவுக்கு முறையே 10, 0.3, 3, 1 மில்லிகிராம். ஓடைக்கரைச் செடியையும் தார்ச்சாலையோரச் செடியையும் தனித்தனியே எடுத்து இந்த நான்கையும் ஒப்பிட்டால், எங்கே பறிக்கலாம் என்பதற்கு அது பயன்படும். காட்டுச் செடி என்பதாலேயே தூய்மையானது என்று யாரும் கருதிவிட வேண்டாம். வேர் எதில் நிற்கிறதோ அதைத்தான் இலை சொல்லும்.

இனி வாசிசின். இந்த அல்கலாய்டுக்கும் நம் மலைக்கும் ஓர் உறவு உண்டு. உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். உதகமண்டலத்தில் அரசின் சிங்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து வாசிசின் என்று பெயரிட்டார். இலைக்குள் அது ஒரு கரிம அமிலத்தோடு சேர்ந்து நிற்கிறது என்று கருதி, அந்த அமிலத்துக்கு ஆடாதோடிக் அமிலம் என்றும் பெயர் வைத்தார். லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட இனப்பெயரிலும் "ஆடாதோடா" என்றே இருக்கிறது. ஆடு தொடாத இலை என்ற நம் சொல் ஐரோப்பியத் தாவர நூலுக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு பெகானம் ஹர்மாலா என்ற வறண்ட நிலச் செடியில் கிடைத்த பெகானின் என்னும் பொருளும் வாசிசினும் ஒன்றே என்பதை 1930களில் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஸ்பேத் குழுவினர் நிறுவினார்கள். பதினொரு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட சிறு மூலக்கூறு. மூலக்கூற்று எடை 188.

உங்கள் குறைவுக்குக் காரணம் 1959இல் அமின், மேத்தா ஆகியோர் நேச்சர் இதழில் விவரித்த இன்னொரு அல்கலாய்டு: வாசிசினோன். வாசிசின் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து வாசிசினோனாக மாறும். உலர்த்தும்போதும் மாறும், புட்டியில் கிடக்கும்போதும் மாறும், பிரித்தெடுக்கக் காரமாக்கி நெடுநேரம் சூட்டில் வைத்தாலும் மாறும். ஆறு மாதப் பொடியில் வாசிசின் 1.1இலிருந்து 0.7 ஆனது, பொருள்களைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறப்பிரிகைப் படத்தில் வாசிசினோனின் முகடு அதே விகிதத்தில் உயர்ந்திருந்தால், பிழையன்று. இலை தன் இயல்பைக் காட்டியிருக்கிறது. படத்தை எடுத்துப் பாருங்கள். வாசிசினோன் உயராமல் வாசிசின் மட்டும் குறைந்திருந்தால்தான் பிரித்தெடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். இனிமேல் எண்ணை எழுதும்போது இரண்டையும் தனித்தனியாகவும் கூட்டியும் எழுதுங்கள். பறித்த நாளையும் பகுத்த நாளையும் பக்கத்தில் குறியுங்கள். வாசிசின் மட்டும் எழுதி நாளைக் குறிக்காத அறிக்கையை நான் மதிப்பதில்லை. ஓர் இலையின் தரத்துக்கு இந்த இரண்டின் கூட்டுத்தொகையே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

எட்டொன்று எழுதியது:

சித்த மருத்துவம் பயின்று, சிற்றூரில் மருத்துவமனை நடத்துகிறேன். முன்னவர்கள் இருவரும் எழுதியது எனக்கே பாடமாக இருந்தது. ஆனால் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நாங்கள் இந்த இலையைக் கைப்புச் சுவை, வெப்பத் தன்மை, கார்ப்புப் பிரிவு (செரித்தபின் மாறும் சுவை) என்று படிக்கிறோம். கோழையகற்றும், இசிவகற்றும், சிறுநீரைப் பெருக்கும். ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்று ஊரில் சொல்வது, குரல் கம்மியவர்களுக்கு இது தொண்டையைத் திறந்துவிடும் என்பதால். வாசிசின் இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இருமலுக்கு ஆங்கில மருந்துக்கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் 1960களில் வாசிசினின் அமைப்பை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டது. உடலுக்குள் அது மாறி உண்டாகும் அம்புராக்சால் இன்றைக்குத் தனி மருந்தாகவே விற்கிறது. ஆனால் புரோம்ஹெக்சினில் இரண்டு புரோமின் அணுக்கள் இருக்கின்றன, இலையில் புரோமின் சேர்ந்த அல்கலாய்டு ஏதும் இல்லை. ஆகவே "இருமல் மருந்தே ஆடாதோடையிலிருந்துதான் எடுக்கிறார்கள்" என்று மேடையில் பேசுவோரையும் நான் ஏற்பதில்லை. இலை வழிகாட்டியது, மருந்து வேறு பொருள்.

என் மறுப்பு இதுதான். இலைப்பொடியில் வாசிசினும் வாசிசினோனும் எவ்வளவு என்ற கூட்டுத்தொகை, நோயாளியின் உடலுக்குள் என்ன போகிறது என்பதைச் சொல்லாது. தாதுக்களுக்கு நீங்கள் சொன்ன நியாயத்தையே அல்கலாய்டுக்கும் பொருத்துங்கள் ஐயா. நான் ஆடாதோடை இலையைத் தனியாகத் தருவது குறைவு. அதிமதுரம், தாளிசபத்திரி, திப்பிலி மூன்றோடும் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்து, நீர்விட்டு, எட்டொன்றாக, அதாவது எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி வடித்துத் தருகிறேன். இந்தக் கஷாயத்தைத்தான் நாங்கள் குடிநீர் என்கிறோம். திப்பிலி எதற்கு என்று கேட்டால், எங்கள் ஆசிரியர்கள் அனுபவத்தைக் காட்டினார்கள். 1981இல் ஜம்முவில் சி. கே. அட்டல் தலைமையிலான ஆய்வாளர்கள் வாசிசினைத் திப்பிலியோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, தனியாகக் கொடுத்ததைவிட இரத்தத்தில் வாசிசினின் அளவு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. அதாவது 0.7 சதவீத இலையும் திப்பிலியும் சேர்ந்த குடிநீர், 1.1 சதவீத இலை மட்டும் போட்ட குடிநீரைவிட வலுவாக வேலை செய்யக்கூடும். இலைப்பொடியின் எண்ணை மட்டும் தரத்துக்கு அளவுகோலாக வைத்தால், புது இலையைத் தனியாகக் காய்ச்சியவரே சிறந்த மருத்துவர் என்று ஆகிவிடும்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். அதே ஜம்மு ஆய்வகம்தான் அதைப் பேறுகாலத்தில் பயன்படுத்த இயலுமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் குடிநீரையோ மணப்பாகையோ தாமாகக் குடிக்கவே கூடாது. "வேலியில் வளர்கிற இலைதானே, என்ன செய்துவிடும்" என்று ஆறாம் மாதத்தில் ஒரு வாரம் காய்ச்சிக் குடித்துவிட்டு, வயிற்றுவலியோடு என்னிடம் வந்த பெண்ணை நான் மறக்கவில்லை. உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன்; தாயும் குழந்தையும் நலமாகத் திரும்பினார்கள். ஆய்வேட்டின் முன்னுரையில் பயன்களை அடுக்கும்போது இதையும் ஒரு வரி எழுதுங்கள், மகளே.

குப்பியும்துலாவும் எழுதியது:

மருத்துவர் ஐயாவின் மறுப்பை ஏற்கிறேன். தரம் என்ற சொல்லை நான் கவனமின்றிப் பயன்படுத்திவிட்டேன். மூட்டை மூட்டையாக இலை வாங்கும் ஒருவருக்கு இலையின் வாசிசின் அளவு தேவை. கலப்படமும் பழைய சரக்கும் அதில்தான் பிடிபடும். மருந்தின் வலிமையை அளக்க வேண்டுமானால் அளக்க வேண்டியது குடிநீரைத்தான். தூய வாசிசின் தனி நிலையில் நீரில் அரிதாகவே கரையும். இலைக்குள் கரிம அமிலத்தோடு உப்பாக நிற்பதால்தான் வெந்நீரில் இறங்குகிறது. ஆகவே எட்டொன்றாகச் சுண்டும்வரை கொதிக்கும் அந்த நெடுநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது, இறங்கியதில் எவ்வளவு வாசிசினோனாக மாறுகிறது என்பது இரண்டும் பார்க்கத் தக்கவை. தென்பொதிகை, உங்களிடம் கருவியும் இலையும் இருக்கின்றன. ஒரே ஒரு நாள் வேலை. 5 கிராம் பொடியை மருத்துவர் சொன்ன முறையிலேயே காய்ச்சி, வடித்த நீரிலும் மிஞ்சிய சக்கையிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். 1.1 சதவீதம் என்றால் தொடக்கத்தில் 55 மில்லிகிராம் வாசிசின் இருக்கும். நீரிலும் சக்கையிலும் கிடைப்பதோடு வாசிசினோனையும் கூட்டி அந்த 55க்கு அருகில் வந்தால் உங்கள் முறை நம்பத்தக்கது.

தென்பொதிகை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக ஆய்வகத்திலேயே இருந்தேன். கிடைத்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அமிலத்தில் கரையாத சாம்பல் 0.6 சதவீதம். மண் இல்லை. அசிட்டிக் அமிலச் சோதனையில் முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் வெட்டு தடிமனாக இருந்தது. இரண்டாம் நாள் இலையை முருங்கைத் தண்டின் நெட்டிக்குள் செருகி மெல்லிய வெட்டு எடுத்தபோது, மேல்தோலை ஒட்டிக் கிடந்த அந்த நீண்ட கட்டையிலிருந்து சிறுசிறு குமிழிகள் சரம்போலக் கிளம்பியதைக் கண்டேன். இரண்டு நிமிடத்தில் உள்ளே இருந்தது கரைந்து, ஐயா சொன்னதைப் போலவே, வெளிறிய எலும்புக்கூடு மட்டும் நின்றது. மாதிரி பழுது என்று சொன்ன நண்பரையும் அழைத்துக் காட்டினேன். அவர் தம் நிலவேம்பு இலையையும் உடனே வெட்டிப் பார்த்தார், அதிலும் இருக்கிறது.

இரும்பு விஷயத்தில், மார்ச் மாதிரியின் முழு அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். குரோமியமும் நிக்கலும் ஜனவரியைவிடப் பல மடங்கு கூடியிருக்கின்றன. அலுமினியத்தில் மாற்றமே இல்லை. எனவே அந்த எண்ணை நீக்கிவிட்டு, மிச்சமிருந்த இலையைப் பீங்கான் கல்வத்தில் இடித்து அனுப்பியிருக்கிறேன். சாலையோரச் செடி நான்கிலிருந்தும் தனியாக மாதிரி எடுத்தாயிற்று. பழைய பொடியின் படத்தில் வாசிசினோன் முகடு உண்மையாகவே உயர்ந்திருக்கிறது. இதுவரை அதை ஏதோ கழிவு முகடு என்று எண்ணி ஒதுக்கி வைத்திருந்தேன்.

குடிநீரை இலை மட்டும் போட்டு ஒரு முறையும், மூன்று சரக்குகளும் சேர்த்து ஒரு முறையும் காய்ச்சினேன். இலை மட்டும் போட்டதில், நீர், சக்கை, வாசிசினோன் மூன்றையும் கூட்டியபோது 51 மில்லிகிராம் கணக்குக்கு வந்தது. சரக்கு சேர்த்ததில் அதிமதுரத்திலிருந்து வரும் ஏதோ ஒன்று வாசிசினின் முகட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதால் இன்னும் அளக்க முடியவில்லை. கரைப்பான் விகிதத்தை மாற்றி இரண்டையும் பிரிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன். குப்பியும்துலாவும் ஐயா அங்கேயும் வர வேண்டுகிறேன்.

மருத்துவர் ஐயா, கருவுற்ற பெண்களுக்கான எச்சரிக்கையை முன்னுரையின் முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். என் ஆச்சி ஊரில் யார் இருமினாலும் இந்த இலையைத்தான் பறித்துக் கொடுப்பார். நேற்றுத் தொலைபேசியில் அவரிடமும் சொன்னேன்.